டைம்லைனும் ட்ராக்குகளும்: படத்தொகுப்பு வரலாற்றில் சுவிட்சர்லாந்து

வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கீழ்ப்பாதியில் இடமிருந்து வலமாக ஓடும் பகுதிக்கு டைம்லைன் என்று பெயர். படங்கள் மேல் அடுக்குகளிலும் ஒலிகள் கீழ் அடுக்குகளிலும் கிடக்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு ட்ராக். ஒரு கிளிப்பின் தலையையோ வாலையோ வேண்டிய அளவுக்குக் குறைப்பதும் நீட்டுவதும் ட்ரிம். இவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் ஒரு ட்ராக்கில் கைவைத்தால் மற்ற ட்ராக்குகள் என்ன ஆகும் என்ற கேள்வி எந்த எடிட்டரையும் கடைசிவரை விடுவதில்லை. படமும் ஒலியும் தனித்தனிச் சுருள்களில் இருந்த காலத்தில் பிறந்த கேள்வி அது. அந்தச் சுருள்களை ஓட்டிய மிகச் சிறந்த கருவிகளில் சில சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. எடிட்டிங் வரலாற்றை அமெரிக்க மென்பொருள்களிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஒலி ட்ராக்கைப் பொறுத்தவரை லொசான், சூரிக் நகரங்களின் சுற்றுவட்டாரத்தைச் சொல்லாமல் அந்த வரலாறு முழுமை பெறாது.

போலெக்ஸும் 16 மி.மீ. படச்சுருளும்

வோ மாநிலத்து மலையூரான சான்த் குருவாவில் இசைப்பெட்டிகளும் தட்டச்சுப் பொறிகளும் செய்துவந்த பையார் நிறுவனம், ஜெனீவாவில் இருந்த ஜாக் போகோபோல்ஸ்கியின் கேமரா தொழிலை 1930-இல் வாங்கியது. 1935-இல் போலெக்ஸ் எச்16 கேமரா வந்தது. சாவி கொடுத்து இயக்கும் இதன் ஸ்பிரிங் ஒருமுறை முழுதாக முறுக்கினால் நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும். ஆகவே ஷாட்டின் உச்ச நீளத்தை ஸ்பிரிங்கே முடிவு செய்தது. சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, ஏற்கெனவே எடுத்த படத்தின்மேல் இன்னொன்றைப் பதிக்கவும் முடிந்தது. இன்று இரண்டாம் வீடியோ ட்ராக்கில் ஒரு கிளிப்பை வைத்து அதன் ஒபாசிட்டியைக் குறைக்கிறோமே, அதே வேலைதான். தவறினால் திரும்பப் பெற வழியில்லை என்பதே வேறுபாடு. நியூயார்க்கின் ஜோனஸ் மேகஸ் போன்ற தனிக்கலைஞர்கள் இந்தக் கேமராவை விரும்பியதற்கு, எடுக்கும்போதே எடிட் செய்யலாம் என்பதும் ஒரு காரணம்.

16 மி.மீ. படச்சுருளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இரு ஃப்ரேம்களுக்கு நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. நெகட்டிவை ஒட்டினால் ஒட்டு திரையில் தெரியும். அதனால் நெகட்டிவை ஏ, பி என்று இரண்டு சுருள்களாகப் பிரித்தார்கள். முதல் ஷாட் ஏ சுருளில் இருக்கும்போது பி சுருளில் அந்த நீளத்துக்குக் கறுப்புப் பட்டை. இரண்டாம் ஷாட் பி-இல் வரும்போது ஏ-இல் கறுப்பு. லேபில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிண்ட் செய்தால் ஒட்டு மறையும். இரண்டும் மேற்பொருந்தும் இடத்தில் டிசால்வ் கிடைக்கும். 1991-இல் வெளிவந்த அடோபி பிரீமியரின் டைம்லைனில் வீடியோ ஏ, வீடியோ பி என இரண்டு ட்ராக்குகளும் நடுவே டிரான்சிஷனுக்கு ஒரு வரிசையும் இருந்தது இந்தப் பழக்கத்தின் நேரடி வாரிசு.

ஒரு படம், மூன்று மொழி

1940 முதல் 1975 வரை திரையரங்குகளில் ஓடிய சுவிஸ் வாரச் செய்திப்படம் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளிவந்தது. படம் ஒன்று, வர்ணனை மூன்று. ட்ராக்குகளைப் பிரித்துக் கையாளுவதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மூன்று மொழி வாக்கியங்களும் ஒரே நீளத்தில் அமைவதில்லை. படத்தின் நீளம் உறுதியான பிறகு ட்ரிம் செய்ய மிஞ்சுவது வர்ணனையாளரின் சொற்கள்தாம். இசையும் சூழல் ஒலியும் பேச்சோடு கலக்காமல் தனிச்சுருளில் இருந்தால்தான் பேச்சை மட்டும் மாற்ற முடியும். தமிழ்ப் படங்களைத் தெலுங்குக்கோ இந்திக்கோ டப் செய்பவர்கள் கேட்டு வாங்கும் எம் அண்ட் ஈ ட்ராக் இதுவே.

எடிட்டிங் மேஜையில் ஒலி இருந்தது, படச்சுருளைப் போலவே ஓரத்தில் துளையிட்ட காந்தப் பட்டையில். படத்துக்கும் ஒலிக்கும் ஒரே துளைக் கணக்கு என்பதால், படத்தில் பத்து ஃப்ரேம் வெட்டினால் ஒலியிலும் பத்து ஃப்ரேம் வெட்ட வேண்டும். மறந்தால் அந்த இடத்திலிருந்து படம் முடியும்வரை உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். வெட்டி எடுத்த துண்டுகளை எறிந்துவிடாமல், ஓர எண்ணைக் குறித்து, துணிப்பை கட்டிய தொட்டியின் கொக்கிகளில் தொங்கவிடுவார்கள். அந்தத் துண்டுகளுக்கும் ட்ரிம் என்றே பெயர். இவ்வகைக் காந்தப் பட்டைகளைப் பதியவும் ஓட்டவும் சூரிக்கை அடுத்த சோலிகோனில் சோண்டோர் நிறுவனம் செய்த இயந்திரங்கள் பல நாட்டு ஒலிக்கூடங்களில் இருந்தன.

நாக்ரா

வார்சாவில் 1929-இல் பிறந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி, லொசானில் பொறியியல் மாணவராக இருந்தபோது 1951-இல் முதல் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அதன் மோட்டாருக்கும் சாவி கொடுக்க வேண்டும். 1950-களின் இறுதியில் வந்த நாக்ரா 3 டிரான்சிஸ்டர்களில் இயங்கியது. பன்னிரண்டு பெரிய பேட்டரிகளோடு தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். ழான் ரூஷின் 1961 ஆவணப்படமான 'ஒரு கோடைகாலத்தின் குறிப்பேடு' பாரிஸ் தெருக்களில் மனிதர்கள் பேசுவதை அப்படியே பிடித்ததற்கு இலேசான கேமராவும் நாக்ராவும் காரணம்.

நாக்ராவின் டேப்பில் துளை கிடையாது. டேப் வழுக்கும், சற்று நீளும், பேட்டரி இறங்கினால் கேமராவின் வேகமும் மாறும். அப்படியிருக்க, பத்து நிமிட ஷாட்டின் முடிவிலும் உதடும் குரலும் எப்படிப் பொருந்தும்? கேமராவின் மோட்டாரிலிருந்து நொடிக்கு 50 துடிப்புகள் கொண்ட சிக்னல் ஒன்று கேபிள் வழியாக நாக்ராவுக்குப் போகும். அந்தத் துடிப்பும் பேச்சோடு சேர்ந்து டேப்பில் பதியும். பிறகு ஒலிக்கூடத்தில் டேப்பை ஓட்டும்போது, பதிந்துள்ள துடிப்பு மின்சாரத்தின் 50 துடிப்போடு பொருந்தும்படி டேப்பின் வேகம் தானாகக் கூடும், குறையும். அந்த நிலையில் துளையுள்ள பட்டைக்கு மாற்றினால் ஒலி ஃப்ரேம் கணக்குக்கு வந்துவிடும். 1962-இல் குடெல்ஸ்கி கொண்டுவந்த நியோபைலட் முறையில், 6.25 மி.மீ. டேப்பின் நடுவே இரண்டு மெல்லிய தடங்களில் இந்தச் சிக்னல் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் பதிந்தது. முழு அகலத்தையும் படிக்கும் ஹெட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; பேச்சு மட்டுமே காதில் விழும். காலத்தைக் குறிக்க மட்டும், யார் காதிலும் விழாத ஒரு ட்ராக். பின்னாளில் டைம்கோடு செய்த வேலையின் முன்னோட்டமாக இதைச் சொல்லலாம்.

ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் 16 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 19.05 செ.மீ. நகரும். நாக்ராவின் வழக்கமான டேப் வேகமும் அதே 19.05 செ.மீ. ஆக, இரண்டிலும் ஒரு ஃப்ரேம் நேரம் என்பது 7.62 மி.மீ. நீளம்.

நாக்ரா தமிழ்த் திரைக்கும் நெடுங்காலம் உழைத்தது. வசனம் டப்பிங்கில் பதிவானதால் படப்பிடிப்பில் அதன் முக்கிய வேலை பாட்டை ஒலிக்கவிடுவது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாட்டு அதே வேகத்தில் ஓடினால்தான் ஊட்டியில் எடுத்த பல்லவியும் ஆல்ப்ஸில் எடுத்த சரணமும் எடிட்டரின் மேஜையில் ஒரே பாட்டு ட்ராக்கின்மேல் உட்காரும். அமெரிக்கத் திரைப்பட அகாதெமி 1990-இன் கார்டன் இ. சாயர் விருதைக் குடெல்ஸ்கிக்கு அளித்தது. அவர் 2013 ஜனவரியில் காலமானார்.

ஸ்டூடரும் பிளேடும்

வில்லி ஸ்டூடர் 1948-இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் சூரிக்குக்கு அருகே ரேகன்ஸ்டோர்ஃபில் வளர்ந்தது. வீடுகளுக்கு ரேவாக்ஸ், ஸ்டூடியோக்களுக்கு ஸ்டூடர். வானொலி எடிட்டர் டேப்பின் இரு சுருள்களையும் கைகளால் முன்னும் பின்னும் அசைத்து, ஹெட்டின்மேல் ஒரு மெய்யெழுத்து தொடங்கும் இடத்தைக் காதால் தேடிப் பிடிப்பார். அங்கே மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. டேப்பை அலுமினியத் தண்டவாளத்தில் பதித்துச் சாய்வாக பிளேடு வைப்பார். நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஒரு ஃப்ரேம் நேரம் ஒன்றரைச் சென்டிமீட்டர். ஆகவே ஃப்ரேமுக்குள்ளேயே பல இடங்களில் வெட்டலாம். சாய்வாக வெட்டுவதால் ஒரு ஒலி மற்றொன்றுக்குள் கண நேரத்தில் கரையும். இன்றைய மென்பொருள்களில் இரண்டு ஆடியோ கிளிப்புகளுக்கு நடுவே போடும் சிறு கிராஸ்ஃபேடு இதுதான்.

லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் 1967-இல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' ஸ்டூடர் ஜே37 கருவிகளில் பதிவானது. அதில் நான்கே ட்ராக்குகள். நிரம்பியதும் அவற்றைக் கலந்து இரண்டாம் கருவியின் ஓரிரு ட்ராக்குகளுக்கு இறக்கி, மிச்ச இடத்தில் புதியவற்றைப் பதிந்தார்கள். கலந்தது கலந்ததுதான். ட்ராக்குகளைத் திட்டமிட்டுப் பயன்படுத்தும் ஒழுக்கம் இத்தகைய நெருக்கடியில் விளைந்தது. எல்லையற்ற ட்ராக்குகள் கிடைக்கும் இக்காலத்தில், பேச்சு எங்கே, எஃபெக்ட் எங்கே என்று தெரியாமல் நிரம்பிக் கிடக்கும் டைம்லைன்களைப் பார்க்கையில் அந்த ஒழுக்கத்தின் அருமை புரிகிறது.

ரோல் நகரின் எடிட்டிங் அறை

பாரிஸில் பிறந்து ஜெனீவா ஏரிக்கரையில் வளர்ந்த ழான்-லுக் கொதார், 1954-இல் கிராண்ட் டிக்சான்ஸ் அணைக்கட்டு வேலை பற்றி எடுத்த ஆவணப்படத்தோடு இயக்குநரானார். 1960-இல் வந்த 'பிரெத்லெஸ்' படத்தில் ஷாட்டுகளின் தலையையும் வாலையும் மட்டுமல்ல, நடுப்பகுதியையும் வெட்டி எறிந்தார். ஜம்ப் கட் உலகப் பழக்கமானது அதன்பின்தான். கார் பயணக் காட்சியில் படம் துள்ளித் துள்ளிப் போக, பேச்சு தொடர்ந்து ஓடுகிறது. ஒரு ட்ராக்கில் வெட்டினால் மற்றதிலும் வெட்ட வேண்டும் என்ற மேஜை விதியை அவர் தெரிந்தே மீறினார்.

1977-இல் ஆன்-மரி மியேவிலுடன் ரோல் நகரில் குடியேறிய கொதார், வீட்டருகிலேயே வீடியோ கருவிகளை நிறுவி வேலை செய்தார். 1988 முதல் 1998 வரை உருவான, எட்டுப் பகுதிகளும் 266 நிமிடமும் கொண்ட 'சினிமாவின் வரலாறு(கள்)' இங்கே பிறந்தது. இது டேப்பிலிருந்து டேப்புக்குப் பிரதியெடுக்கும் லீனியர் எடிட்டிங் காலத்துப் படைப்பு. அதில் நடுவே ஒரு ஷாட்டை இரண்டு நொடி குறைத்தால் பின்னால் இருப்பவை தாமாக முன்னே நகர்ந்துவிடாது. அதே நீளத்தில் வேறொன்றை நிரப்ப வேண்டும், அல்லது அங்கிருந்து எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் தரம் இறங்கும். இவ்வளவு தடைகளுக்கும் நடுவே படத்தின்மேல் படம், எழுத்து, அவர் குரல், இன்னொரு படத்தின் வசனம், இசை என்று அடுக்கிய அந்த அடர்த்தியை இன்றைய மென்பொருளிலும் எட்டியவர்கள் மிகச் சிலர். 2018-இல் கேன் விழாவில் சிறப்புத் தங்கப்பனை பெற்ற 'பிம்பங்களின் புத்தகம்' படத்தில் ஒலியைப் படத்திலிருந்து இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனார். அவர் குரல் அரங்கின் வெவ்வேறு ஒலிபெருக்கிகளிலிருந்து மாறி மாறி வரும்.

கணினிக்குள்

1989-இல் அமெரிக்காவில் ஆவிட் எனும் கணினி எடிட்டிங் அமைப்பு அறிமுகமானது. தமிழில் 1994-இன் 'மகாநதி' ஆவிட்டில் தொகுக்கப்பட்ட முன்னோடிப் படமாகப் பேசப்படுகிறது. கிளிப் இப்போது வெட்டுப்படவில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற குறிப்பு மட்டும் மாறியது. அதனால் ட்ரிம் நான்கு வகையாகக் கிளைத்தது. ரிப்பிள் கிளிப்பைக் குறைத்துப் பின்னுள்ளவற்றை இழுத்துக்கொள்ளும். ரோல் இரண்டு கிளிப்புகளின் எல்லையை மட்டும் நகர்த்தும். மொத்த நீளம் மாறாது. ஸ்லிப் கிளிப்பின் இடத்தையும் நீளத்தையும் விட்டுவிட்டு உள்ளே தெரியும் பகுதியை மாற்றும். ஸ்லைடு கிளிப்பை அப்படியே அக்கம்பக்கத்துக் கிளிப்புகளின் செலவில் நகர்த்தும். ஆடியோ ட்ராக்கைப் பூட்டிவிட்டுப் படத்தில் மட்டும் 12 ஃப்ரேம் ரிப்பிள் செய்தால், 25 ஃப்ரேம் படத்தில் மீதி முழுதும் படமும் ஒலியும் பொருந்தும் சிங்க் ஏறக்குறைய அரை நொடி தப்பும். துளைப்பட்டைக் காலத்து விபத்து, இப்போது ஒரு கிளிக்கில்.

சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் நகரில் டார்ட்ஃபிஷ் நிறுவனம் கணினி வீடியோவுக்கு வேறொரு பயனைக் கண்டது: இரண்டு பனிச்சறுக்கு வீரர்களின் தனித்தனி ஓட்டங்களைத் தொடக்கப் புள்ளியில் பொருத்தி ஒரே படத்தில் காட்டியது. ஒலியில், நாக்ராவில் பணியாற்றிய குளோது செலியே 1990-இல் தொடங்கிய மெர்ஜிங் நிறுவனம், லொசானுக்கு அருகே புயிதுவில் பிரமிக்ஸ் மென்பொருளை உருவாக்கியது. 48 கிலோஹெர்ட்ஸில் 25 ஃப்ரேம் படத்தின் ஒரு ஃப்ரேமுக்கு 1,920 ஒலி மாதிரிகள். வெட்டு அவற்றில் எதன்மேலும் விழலாம். 2022-இல் அந்நிறுவனம் சென்ஹைசர் குழுமத்தில் சேர்ந்தது.

2011-இல் வந்த ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ எக்ஸ் ட்ராக்குகளையே நீக்கி, கிளிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகரும் டைம்லைனைத் தந்தது. சிங்க் தப்பும் பயம் குறைந்தது. தொழில்முறை எடிட்டர்களின் எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. படத்தொகுப்பு முடிந்ததும் கோப்பு ஒலிக்கூடத்துக்குப் போகும்; அங்கே பேச்சு, எஃபெக்ட்ஸ், இசை ஒவ்வொன்றும் தன் ட்ராக்கில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளிப்புக்கும் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத சில நொடிகள் ஹேண்டிலாக மிச்சம் இருந்தால்தான் ஒலி எடிட்டர் தன் பங்குக்கு ட்ரிம் செய்ய முடியும். பிற்பாடு ஆப்பிள், கிளிப்புகளுக்கு பேச்சு, இசை, எஃபெக்ட் என்று பெயர் சூட்டும் ரோல்ஸ் வசதியை விரிவாக்கி, அந்தப் பெயர்களின்படி டைம்லைனை வரிசை வரிசையாகப் பிரித்துக் காட்டத் தொடங்கியது.