இந்திரகோபம்: ஒரு செந்நிறச் சிற்றுயிரும் மொழிபெயர்ப்பாளர் தடுமாற்றமும்

வடமொழியில் இந்திரகோபம் என்றும், சங்கத் தமிழில் மூதாய் என்றும், பிற்காலத் தமிழில் தம்பலப்பூச்சி என்றும் வழங்கும் சிற்றுயிர் ஒன்று உண்டு. நல்ல மழை பெய்து நிலம் குளிர்ந்ததும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, செம்பட்டுத் துணுக்குப் போலப் புல்லிடையே ஊர்ந்து, சில நாட்களில் மறைந்துவிடும். பெரியது ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம். சிறுவர் அதைப் பட்டுப்பூச்சி என அழைத்து உள்ளங்கையில் ஏற்றி விளையாடுவர். மூட்டைப்பூச்சியைக் கண்டால் முகம் சுளிப்பவரும், கரப்பானைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுபவரும் இதனைக் கண்டால் குனிந்து பார்ப்பர். இவ்வுயிரின் பெயர்கள் பட்ட பாட்டை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பூச்சி, புழு என்னும் சொற்கள் இன்று பெரும்பாலும் அருவருப்போடு சேர்ந்தே ஒலிக்கின்றன. பழந்தமிழ் இலக்கணம் அவ்வாறு நோக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கிறது: சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின. இப்பகுப்பில் வெறுப்புக்கு இடமில்லை. கிருமி என்னும் சொல்லின் வரலாறு இன்னும் விந்தையானது. நமக்கு அது நோய் தரும் நுண்ணுயிர். அதன் பாரசீக உறவுச் சொல்லாகிய கிர்ம் என்பதும் புழுவையே குறிக்கும். அதிலிருந்து, சாயம் தரும் பூச்சியைக் குறித்த கிர்மிஸ் என்னும் அரபுச் சொல் பிறந்தது. அதன் வழியே ஆங்கிலத்தின் கிரிம்சன், கார்மைன் ஆகிய செந்நிறப் பெயர்கள் தோன்றின. வெர்மிலியன் என்பதும் சிறு புழு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. அரசர் உடுத்த செம்மைக்குப் பெயர் தந்தது புழுதான் என்பதை உடுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

நம் நாட்டில் இவ்விடத்தை வகித்தது அரக்கு. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் மொய்த்து வாழும் சிறு பூச்சியின் சுரப்பு அது. அதர்வவேதம் 5ஆம் காண்டத்தில் ஒரு பாட்டு முழுவதும் லாக்ஷையைப் புண்ணாற்றும் மருந்தாக விளித்துப் போற்றுகிறது. பாரதத்தில் அதுவே பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகையின் பொருளாகிறது. ஐரோப்பிய மொழிகளின் லேக், லாக்கர் ஆகிய சொற்கள் இதன் வழிவந்தவை. அரக்கை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. நம் கவிஞர்கள் இந்திரகோபத்தைப் பேசும்போது அரக்கு அருகிலேயே வந்து நிற்கிறது.

அகநானூற்று 14ஆம் பாட்டு முல்லை நிலத்துச் செம்மண் பெருவழியை அரக்குக்கு ஒப்பிடுகிறது. அவ்வழியில் காயாவின் கருநீலப் பூக்கள் உதிர்ந்து கிடக்க, அவற்றினூடே மூதாய் ஊர்வது நீலமணியோடு பவளம் விரவினாற்போல் இருக்கிறதாம். வான்மீகியின் கிட்கிந்தா காண்டத்து மழைக்கால வருணனையில், இளம் இந்திரகோபங்கள் இடையிட்ட பசும்புல் தரை, கிளிநிறக் கம்பளத்தில் அரக்குச் சாயத் துளி தெறிக்கப் போர்த்திய பெண்ணாகத் தோன்றுகிறது. காளிதாசரின் விக்கிரமோர்வசீயம் 4ஆம் அங்கத்தில் பிரிவால் மதிமயங்கிய புரூரவன், இந்திரகோபம் ஊரும் புல்லைக் காதலியின் பச்சை மார்க்கச்சை என்று நினைத்து ஏமாறுகிறான். அதிலுள்ள சிவப்பை, அவள் இதழ்ச்சாயம் கண்ணீரோடு கலந்து வடிந்த துளிகள் என்று கொள்கிறான். மூன்று இடங்களிலும் அருவருப்பின் சாயலே இல்லை. பிருகதாரணியக உபநிடதம் (2.3.6) ஒருபடி மேலே சென்று, புருடனின் வடிவத்துக்கு உவமை அடுக்கும்போது தீச்சுடர், வெண்டாமரை, மின்னல் ஆகியவற்றோடு இந்திரகோபத்தையும் வைக்கிறது. பரம்பொருளுக்கு ஒரு பூச்சி உவமையாகிறது.

மொழிபெயர்ப்பாளர் இடறியது இங்கேதான். மாக்ஸ் முல்லர் 1884இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் இதனைக் ‘கோச்சினீல்’ என்றார். 1899ஆம் ஆண்டின் மோனியர் வில்லியம்ஸ் அகராதியும் கோச்சினீல் வகை எனப் பொருள் தந்து, மின்மினி என்னும் பொருளையும் சேர்த்தது. ஹியூம் 1921இல் இந்திரகோப வண்டு என்றார். ஒலிவெல் 1996இல் சிவந்த பூச்சி என்று எளிமையாக முடித்துக்கொண்டார். இவற்றுள் கடைசியானதே பிழை குறைந்தது என்பது என் கருத்து. ஆயினும் மூலச் சொல்லில் உள்ள மழையும் இந்திரனும் அதில் இல்லை.

கோச்சினீல் என்பது ஏன் பொருந்தாது? அது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழ்வது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவை வென்ற ஸ்பானியர் அதன் சாயத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று பெரும்பொருள் ஈட்டினர். அந்த வணிகத்தில் பங்கு பெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலும் அதை வளர்க்க முயன்றது. சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இங்கேயே கோச்சினீல் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதங்கள் 1788இல் அச்சாயின. அவர் கண்டது வேறு பூச்சி. சாயத் தொழிலுக்கு உதவவில்லை. பின்னர் 1795இல் பிரேசிலிலிருந்து உண்மையான கோச்சினீல் என்று நம்பிக் கொண்டுவரப்பட்டதும் அதன் தாழ்ந்த வகையே. அது நல்ல சாயம் தரவில்லை. கள்ளியைத் தின்று அழித்தது. எனவே 1836க்குப் பின் தென்னாட்டில் கள்ளியை ஒழிக்கவே அதைப் பரப்பினர். எஞ்சிய வேறொரு கள்ளியினத்தை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு வகை வந்தது. பொன் தரும் என்று வரவேற்ற பூச்சி, களை கொல்லும் கருவியாக முடிந்தது. இவை எவ்வாறாயினும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலேறி வந்த பூச்சியை உபநிடதத்திலும் வான்மீகியிலும் வைப்பது காலமுரண்.

காலமுரணை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. திருமுருகாற்றுப்படை சூரரமகளிரின் துகிலைக் கோபத்துக்கு ஒப்பிடுகிறது. கூடவே அது சாயத்தில் தோய்க்கப்படாத துகில் என்றும் கூறுகிறது. இயல்பாகவே சிவந்த தெய்வ ஆடைக்கு இயல்பாகவே சிவந்த உயிர் உவமை. இங்கே கோச்சினீல் என்று பெயர்த்தால், படிப்பவர் மனத்தில் சாயக்கொப்பரை எழும். தோயாத துகிலைத் தோய்த்துவிடும் மொழிபெயர்ப்பு அது.

தமிழ் எழுத்தும் இச்சொல்லுக்கு ஒரு மயக்கம் செய்திருக்கிறது. வடமொழியில் கோப என்னும் சொல்லின் முதலொலி மாறினால் காப்பவன் என்றும் சினம் என்றும் பொருள் வேறுபடும். இருக்கு வேதத்தில் இந்திரகோப என்பது இந்திரனைக் காவலாக உடைய என்னும் அடைமொழியாகவே வருகிறது. தமிழில் இரண்டும் கோபம் என ஒன்றாகிவிட்டதால், இந்திரகோபம் என்பதைக் கேட்கும் தமிழர் இந்திரனின் சினம் என்றே எண்ணக்கூடும். நிறமும் சிவப்பு, பொருத்தமாகவே தோன்றும்.

மக்கள் வழக்கில் இம்மயக்கம் இல்லை. இந்திப் பகுதியில் பீர் பஹூட்டி என்பர். பஹூட்டி என்பது வதூடி, அதாவது இளமணப்பெண். தெலுங்கில் ஆருத்ர புருகு. ஞாயிறு திருவாதிரையில் புகும் ஜூன் பிற்பகுதி மழையோடு வருவது. இராசத்தானத்தில் சாவன் மாதக் கிழவி எனப் பொருள்படும் பெயர் உண்டு. இராமனின் கிழவி என்பாரும் உளர். மூதாய் என்னும் சங்கச் சொல்லை நேராகப் பிரித்தாலும் முதிய தாய் என்றே ஆகும். இவ்விரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க நான் துணியவில்லை. தொலைவிலுள்ள இரு மொழிகள் ஒரே உயிரில் ஒரு முதுமகளைக் கண்டன என்பதைக் குறித்துவைக்கலாம். ஈயல் மூதாய் என்னும் சங்கத் தொடரும் உற்றுநோக்கத்தக்கது. மழைக்குப் பின் புற்றிலிருந்து எழும் ஈயலை இது உணவாகக் கொள்வதை விலங்கியலாரும் கூறுவர்.

ஆனால் இந்த அன்புக்கும் எல்லை உண்டு. வட இந்திய மருந்துக்கடைகளில் பீர் பஹூட்டி உலர்த்தப்பட்டு விற்பனையாகிறது. வாதத்துக்கும் ஆண்மைக்கும் என்று எண்ணெயில் இட்டுக் காய்ச்சுகின்றனர். மணப்பெண் என்று பெயரிட்ட மொழிதான் அதை நிறுத்து விற்கவும் செய்கிறது.

இனித் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு வருவோம். இவ்வுயிருக்கு எட்டுக் கால்கள். எனவே அறிவியல்படி பூச்சியன்று, சிலந்தியின் உறவு. இதன் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்ப்பவர்கள் உண்ணி என்றோ பேன் என்றோ எழுத நேர்கிறது. இனம் சரி. ஆனால் உண்ணி என்றதும் நமக்கு நினைவு வருவது மாட்டின் காதும் நாயின் கழுத்தும். குஞ்சுப் பருவத்தில் இது பிற பூச்சிகளின் உடலில் ஒட்டி வாழ்வது உண்மையே; எனினும் மழைநாளில் நாம் காணும் வளர்ந்த உயிர் எவர் குருதியையும் உண்பதில்லை. பாடநூல் எழுதுவோர் வகைப்பாட்டை விளக்கத்தில் தரலாம். தலைச்சொல்லாக மூதாய் இருக்கட்டும். தம்பலப்பூச்சி வேண்டுமெனில் அதனையும் ஏற்கலாம். எட்டுக்கால் உயிரைப் பூச்சி என்பது பிழையல்லவா எனில், தம்பலம் என்பது வெற்றிலை மென்று சிவந்த சாறு. பெயர் வைத்தவர் நிறத்தை நோக்கினாரேயன்றிக் கால்களை எண்ணவில்லை.