வோல்தேர் கையில் கிடைத்த 'எசூர் வேதம்'

பாரிஸ் அறிவுலகத்தையே கொஞ்ச காலம் ஏமாற்றிய ஒரு 'வேதம்' நம்ம பாண்டிச்சேரியோடு சம்பந்தப்பட்டது தெரியுமா?

1760-ல் இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்ற பிரெஞ்சு அதிகாரி, வோல்தேரிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பெயர் 'எசூர் வேதம்'. சமஸ்கிருதத்திலிருந்து பிரெஞ்சுக்கு வந்த பழம்பெரும் நூல் என்றார்கள். வோல்தேருக்குத் தலைகால் புரியவில்லை. பாதிரிமார்களுக்கு முன்பே இந்தியர்கள் ஒரே கடவுளைப் பேசியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆயுதம் கிடைத்துவிட்டதே! 1761-ல் அதை அரச நூலகத்தில் சேர்த்தார். 1778-ல் அச்சிலும் வந்தது.

நூல் முழுக்க இரண்டு ரிஷிகளின் உரையாடல். வியாசர் புராணக் கதைகளைச் சொல்கிறார். சுமந்து மறுக்கிறார். சிலை வணக்கம் வேண்டாம், கடவுள் ஒருவரே என்கிறார். ஆள் நம்ம ரிஷி, பேச்சு மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்! இது ஒரு மிஷனரி எழுதியது என்று சொன்னரா என்ற பயணி 1782-லேயே எழுதிவிட்டார்.

துப்புத் துலக்கியவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லீஸ். ஆமாம், திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லீஸ் துரைதான். பாண்டிச்சேரி மிஷனில் இதே ரகத்தில் வேறு 'வேதங்களும்' இருப்பதைப் பார்த்தார். ஒரு பக்கம் ரோமன் எழுத்தில் சமஸ்கிருதம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. அவர் இறந்தபின் 1822-ல் கட்டுரை வெளியானது.

காட்டிக்கொடுத்தது உச்சரிப்பு. வியாசர் 'பியாஷ்' ஆகியிருந்தார், சுமந்து 'ஷுமொந்து' ஆகியிருந்தார். செம்பூரில் வங்காளி பக்கத்து வீட்டுக்காரர் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். 'வசந்த்' அவர் வாயில் 'பொஷொந்தோ'தான். ஆக, மதுரையில் இருந்த நொபிலி எழுதியது என்ற பேச்சு நிற்கவில்லை. 1984-ல் இதைப் பதிப்பித்த லூதோ ரோஷே இன்னும் ஒரு படி மேலே போனார். மூலமே பிரெஞ்சுதான் என்றார். மொழிபெயர்ப்பு என்றார்களே, அதற்கு மூலமே இல்லை!

அமெரிக்காவில் 1830-ல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் நூலும் மொழிபெயர்ப்பு என்றுதான் வந்தது. தங்கத் தகடுகளில் இருந்ததைக் கடவுள் அருளால் பெயர்த்ததாகச் சொன்னார். நம்புகிறவர்களுக்கு அது வெளிப்பாடு. சரித்திரம் படிக்கிறவனோ மூலம் எங்கே, யார் பார்த்தார்கள் என்று கேட்டாக வேண்டும்.

எசூர் வேதம் நம்மைப் புகழத்தான் பயன்பட்டது. ஆனால் அதில் பேசியது நம் குரல் இல்லை. நம் பழம்பெருமை பேசும் ஃபார்வர்டு அடுத்த முறை வரும்போது, நமக்குச் சாதகமாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அங்கேயும் மூலத்தைக் கேட்போமா?