எந்த மீடியத்தில் படிக்கிறாய்?

புத்தளம் கரையில் ஒரு பிள்ளையின் பாஷை எது என்று அறிய, "எந்த ஸ்கூல்?" என்று கேட்டால் போதும். மிகையாகத் தோன்றலாம். இந்தக் கரையின் சரித்திரம் அப்படித்தான் சொல்கிறது.

சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்க மீனவரில் பலருடைய மூதாதையர் தமிழ் பேசியவர்கள். எட்மண்ட் பீரிஸ் சிலாபம் ஆயராக இருந்த காலத்தில் (1940-1972) அவர்களுடைய பாடசாலைகளில் தமிழ் போய்ச் சிங்களம் வந்தது. ஊர் மாறவில்லை, வேதம் மாறவில்லை, வலையும் மாறவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் சிங்களவராகவே வளர்ந்தார்கள். நீர்கொழும்பு மீனவரிடம் ஒரு தமிழ் இன்னமும் இருக்கிறது. கடலில் பேச, எழுத அல்ல. அதே கடலில் தொழில் செய்யும் உடப்பு இந்துக்களோ தமிழிலேயே படித்தார்கள், தமிழராகவே இருக்கிறார்கள்.

சரி, நம்மட கதை என்ன?

1945இல் இலவசக் கல்வியோடு தாய்மொழிக் கல்வியும் வந்தது. சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ். முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் மட்டும் ஆங்கிலத்தில் தொடரவும் வழிவிடப்பட்டது. சட்டத்தில் அந்தத் தெரிவு நம் எல்லோருக்கும்தான் இருந்தது. கைக்கு எட்டியது கொழும்பில் வீடும் கடையும் உள்ளவர்களுக்கு. கற்பிட்டியில் கரைவலை இழுத்தவருக்கும் பாலாவியில் உப்பு வாரியவருக்கும் கிட்ட இருந்தது தமிழ்ப் பள்ளிக்கூடமும் லெப்பையின் ஓதப்பள்ளியும்தான். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பெண்கள்கூட ஓதப் படித்த எழுத்தை வைத்து அரபுத்தமிழ் வாசித்தார்கள். நாம் தமிழைக் காப்பாற்றினோம் என்று மேடையில் பேசுகிறோம். பாதியைக் காப்பாற்றியது நம்மட ஏழ்மை என்பதை யாரும் பேசுவதில்லை.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். நெருக்கடியான வகுப்பறைகளில் இரண்டு தமிழ் சந்தித்தது. வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ஒரே மார்க்கம், ஒரே பாஷை. ஆனாலும் முகாம் பிள்ளையின் பேச்சுக்கு மதிப்புக் குறைவு.

2001க்குப் பிறகு அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் மறுபடி திறந்தது. அதை நடத்த ஆசிரியர் வேண்டுமே! நகரத்துப் பெரிய பாடசாலைக்கு ஆள் கிடைத்த அளவுக்குக் கடலோரத்துச் சின்னப் பாடசாலைக்குக் கிடைப்பதில்லை. வசதியுள்ளவர் பிள்ளையை இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு அனுப்புகிறார். வாடியில் வேலை செய்பவரின் மகன் சந்தையில் முதலாளியோடு சிங்களத்தில் சரளமாக விலை பேசுகிறான். மூன்று பாஷை அவனுக்கும் காதில் விழுகிறது. பரீட்சைத் தாளில் அவனால் எழுத முடிந்தது ஒன்றுதான்.