பலூன் துணியில் ஒரு கோட்

குளிருக்கு நாமே ஒரு ஜாக்கெட் தைக்கலாமேன்னு நோண்டிக்கிட்டு இருந்தப்போ மாட்டினவர் ஜார்ஜ் ஃபின்ச். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேதியியல் வாத்தியார், தையல்காரர் இல்லை. 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு மத்தவங்க கம்பளி, ட்வீட்னு கிளம்ப, இவர் பலூன் செய்யற துணிக்குள்ளே ஈடர் வாத்தோட மென்சிறகை அடைச்சு, தானே வடிவமைச்ச கோட்டோட போனார். வெளிக்காத்து உள்ளே வராது. சிறகுக்குள்ளே சிக்கின காத்து உடம்புச் சூட்டை வெளியே விடாது. அவ்ளோதாங்க சூட்சுமம்!

கூட வந்தவங்க சிரிச்சாங்க. மேலே குளிர் கடிச்சதும் சிரிப்பு பொறாமையாச்சு. மே 27 அன்னிக்கு ஜெஃப்ரி புரூஸோட, ஆக்சிஜன் உதவியால் சுமார் 8,300 மீட்டர் வரை ஏறினார். அதுவரை யாரும் தொடாத உயரம். ஆனா 1924 குழுவுல அவருக்கு இடமில்லை (கோட் காரணமில்லீங்க, கமிட்டியோட உரசல்).

1952ல புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநரா வந்தார். புனே வெயில்ல அந்தக் கோட்டுக்கு என்ன வேலை :-)