மாட்டுக்குப் போடும் ஊசி நம் கையில் குத்தினால்

கேமரன் மலைத் தோட்டங்களில் மாடோ ஆடோ நாயோ வளர்ப்பவர்களுக்கு ஊசி புதிதல்ல. விலங்கு துள்ளும்போது குத்துவது ஒருபுறம். போட்டு முடித்த ஊசிக்கு மறுபடி மூடி மாட்டப் போய் விரலில் குத்திக்கொள்வோரும் பலர். அதனால்தான் கால்நடை கிளினிக்குகளில் மூடி மாட்டாமல், சிரிஞ்சோடு அப்படியே தடித்த பெட்டியில் போடுகிறார்கள். பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிட வேண்டும். வீட்டில் ஊசி போடுவோர் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, கிளினிக்கில் ஒப்படைக்க முடியுமா என்று கேட்கலாம். லயத்துக் குப்பையில் வீசினால் குத்துவது குப்பை அள்ளுபவரின் கையில்.

ஓர் ஊசி, ஒரு விலங்குக்கு மட்டுமே. 1998-99இல் பேராக், நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளில் நிப்பா கிருமி பரவி 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குப் போட்டதும் அது பரவ ஒரு காரணமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

குத்திவிட்டால் பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் கலந்த தடுப்பூசி என்றால் காயம் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் விரல் வீங்கி இரத்த ஓட்டம் நின்றுபோகலாம், உடனடி அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். மாடுகளின் நுரையீரல் நோய்க்குப் போடும் டில்மிகோசின் மனித இதயத்தைத் தாக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.