தேயிலை சிவந்த வரலாறு

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, கொழுந்தைத் தம் இல்லத்து முன்றிலிற் கையால் உருட்டுவித்தார். உருட்டிய இலை ஏன் சிவக்கின்றது என்பதை அக்காலத்தார் அறியார். நுண்ணுயிர்களின் தொழிலெனக் கருதினாரும் உளர். 'நொதித்தல்' என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது, பொருந்தாப் பெயரே.

பொலிபீனோலும் அதனை ஒட்சியேற்றும் நொதியமும் இலைக் கலங்களுக்குள்ளேயே பிரிந்து உறைகின்றன. கலம் நசுங்கியதும் இரண்டும் கூடுகின்றன. பொலிபீனோலும் ஒட்சிசனும் போதியவாயின், நொதியச் செறிவு இருமடங்காகத் தாக்கத்தின் தொடக்க வேகமும் இருமடங்காகும். குவியல் தடித்தாலோ காற்றுப் புகாது. நொதியம் மிகுந்திருந்தும் பயனில்லை. ஹற்றன், நுவரெலியாத் தொழிற்சாலைகளில் இலையை மெல்லிதாகப் பரப்புவது இதுபற்றியே.

இந்நொதியத்தை அளத்தல் எளிதன்று. இலையை அரைத்த அளவிலே பொலிபீனோல் அதனைப் பற்றிப் படியச் செய்துவிடும். 1925இல் நிறுவப்பெற்றுப் பின்னர்த் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், சாண்டர்சன் இத்தடையைக் கடந்து, நொதியத்தைக் கரைநிலையிற் பிரித்தெடுத்த முறையை 1964இல் வெளியிட்டார்.

கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் இதனைக் கையறிவாகவே அறிந்திருந்தனர். கூடையில் அமுக்கிய கொழுந்து மலையிலேயே நசுங்கிச் சிவக்கும். அக்குறையைத் தொழிற்சாலையில் எவராலும் நீக்க இயலாது.