மரணப் படுக்கையருகே செவிலியர்

இறக்கும் தறுவாயில் உள்ளவருக்கு நோயில்பூசுதல் வழங்கிவிட்டுக் குருவானவர் விடைபெறுகிறார்; செவிலியரோ இரவு முழுவதும் அங்கேயே இருக்கிறார். அவரது உள்ளம் இதைத் தாங்குகிறதா என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை.

அதை அறிய ஓர் அளவுகோல் உண்டு. 1980களின் தொடக்கத்தில் லாரி பியூகன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. இன்று பல நாடுகளில் செவிலியரிடமும் பயன்படுகிறது. அதில் 30 கூற்றுகள்: சாவைப் பற்றிக் குழந்தையிடம் பேச எனக்குத் தெரியும், என் அச்சங்களை வெளியே சொல்ல முடியும், இறப்பவரோடு நேரம் செலவிட முடியும் என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் செவிலியர் தாமே 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுவார். மொத்தம் 30 முதல் 210 வரை வரும்.

மதிப்பெண் குறைந்தவரை அன்பற்றவர் என எண்ணிவிடலாகாது. அவருக்குப் பயிற்சியோ, மனம்விட்டு அழ ஓர் இடமோ கிடைக்காமல் போயிருக்கலாம். இதை வைத்துப் பதவி உயர்வையோ தண்டனையையோ முடிவு செய்தால், அடுத்த முறை யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.